வாசிப்பும் கிரகித்தலும்

பழைய ஓலைச் சுவடிகளிற் புள்ளியிடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. எழுத்தாணியாற் குத்தினால் ஓலை கிழிந்துவிடும் என்பது அதற்குக் கூறப்படும் காரணம். எகரத்தையும் ஏகாரத்தையும், ஒகரத்தையும் ஓகாரத்தையும் எழுத்தைப் பார்த்தே வேறுபடுத்திக் கொள்வதும் எளிதன்று. காலும் ரகரமும் ஒன்றுபோலவே தோன்றும். சொல்லுக்குச் சொல் இடைவெளி இல்லை. வாக்கியம் முடிந்தது என்று காட்டும் குறியும் இல்லை. 'பல' என இரண்டெழுத்து ஏட்டிற் காணப்படின், அது வாயிலுள்ள பல்லா, எண்ணிக்கையைக் குறிக்கும் பலவா என்பதை எழுத்துச் சொல்லாது. அவ்விடத்துப் பொருளே சொல்லும். ஆதலின் ஒருவன் ஏடு வாசிக்க வல்லவன் என்றால், அவன் பொருளும் ஓரளவு அறிந்தவன் என்பது அதனுள்ளே அடங்கியிருந்தது.

அத்தகைய ஏட்டைச் சிறுபிள்ளை எவ்வாறு வாசிக்கும்? வாசிப்பதற்கு முன் கேட்கும். கேட்டதை மனனஞ் செய்யும். திண்ணைப் பள்ளிக்கூடத்திற் பிள்ளைகள் மணலில் விரலால் அரி எழுதிப் பழகி, அதன்பின் ஆத்திசூடி, கொன்றைவேந்தன், மூதுரை, நல்வழி என வரிசையாகப் பாடஞ் செய்தனர். நிகண்டும் அவ்வாறே நெட்டுருப் பண்ணப்பட்டது. பொருள் உடனே வேண்டும் என்று எவரும் எதிர்பார்க்கவில்லை. இன்று நெஞ்சிற் படிந்தது பின்னொருநாள் விளங்கும் என்பதே நம்பிக்கை. அந்நம்பிக்கை முற்றும் பிழையானதன்று. வீட்டில் ஏடு இல்லாத பிள்ளைக்கு நெஞ்சே ஏட்டுப்பெட்டி. எட்டு வயதிற் பாடமாக்கிய செய்யுள் நாற்பது வயதில் ஒரு துன்பத்தினிடையே திடீரென்று பொருள் விளங்கி நிற்பதும் உண்டு. ஆயினும் வயலுக்கும் கடலுக்கும் கடைக்கும் இடையிலே அழைத்துச் செல்லப்பட்ட பிள்ளைகளுக்கு அந்தப் 'பின்னொருநாள்' வரவேயில்லை. அவர்களிடம் ஓசை மட்டும் எஞ்சியது.

பொருள் தானாக வரும் என்று தமிழாசிரியர் எல்லாருமே எண்ணியிருந்தனர் எனக் கொள்ளுதல் தவறு. பதின்மூன்றாம் நூற்றாண்டளவில் நன்னூல் செய்த பவணந்தி முனிவர், அந்நூலின் பொதுப்பாயிரத்திலே பாடங் கேட்கும் முறையை மிக நுணுக்கமாக வகுத்துள்ளார். ஒரு நூலை இருமுறை கேட்பவன் பெரும்பாலும் பிழையின்றி அறிவான். மும்முறை கேட்பவன் அதனை முறையறிந்து பிறர்க்கு உரைப்பான் என்பது அவர் கருத்து. அதன்மேற் கூறுவது இன்னும் வியப்புக்குரியது. ஆசிரியர் சொன்னதை மாணாக்கன் முழுக்கவனத்தோடு ஏற்றுக்கொண்டாலும் அவன் பெறுவது காற்கூறே. உடன் கற்பாரோடு பழகி ஆராய்வதால் மற்றொரு காற்கூறு வரும். எஞ்சிய அரைக்கூறு, தான் கற்றதைப் பிறருக்குச் செவ்வையாக எடுத்துரைப்பதாலேயே வரும். வினாவுதலும், வினாவியவற்றுக்கு விடை கூறுதலும் கற்றலின் உறுப்புக்கள் என்றும் அவர் சேர்த்துக்கொண்டார். இது சிறுவர் பள்ளிக்கென்று எழுதப்பட்ட விதியன்று. இலக்கணங் கற்கும் மாணாக்கருக்கு உரியது. பவணந்தியார் வளர்ந்த மாணாக்கனுக்கு வகுத்த இந்த முறையைத் திண்ணையில் இருந்த சிறு பிள்ளைக்கும் ஏற்றவாறு இளக்கிக் கொடுப்பதற்கு நெடுங்காலம் சென்றது.

பிள்ளையே பிள்ளைக்குக் கற்பிக்கும் முறை மட்டும் இடையிலே கடல் கடந்து சென்று வந்தது. 1789ஆம் ஆண்டிற் சென்னை எழும்பூரிலிருந்த ஆண்பிள்ளைகள் அநாதை விடுதிக்குப் பொறுப்பேற்ற அந்திரு பெல் என்பவர், உள்ளூர்ப் பள்ளியிற் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு அதனைத் தம் விடுதியிலே புகுத்தினார். மூத்த பிள்ளைகள் இளையவர்க்குக் கற்பிக்கவும் ஏற்பாடு செய்தார். அம்முறை 'சென்னை முறை' என்னும் பெயரோடு இங்கிலாந்திற் பரவியது. ஆயின் அங்கே மூத்த பிள்ளை செய்தது, எழுத்தையும் சொல்லையும் உரத்துச் சொல்லி மற்றவரைத் திரும்பச் சொல்லச் செய்ததே. வினாவும் விடையும் பெரும்பாலும் கரையிலேயே தங்கிவிட்டன.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து நிலை விரைந்து மாறியது. 1816இல் வந்திறங்கிய அமெரிக்க மிஷனரிமார் ஊர்தோறும் பாடசாலைகளைத் திறந்தனர். 1848இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார்; மறு ஆண்டு சென்னைக்குச் சென்று அச்சியந்திரம் வாங்கிவந்தார். அவர் வெளியிட்ட பாலபாடங்கள் எழுத்து, சொல், சிறு வாக்கியம், நீண்ட கட்டுரை எனப் படிப்படியாக ஏறிச் செல்வன. செய்யுளோடு தொடங்கிய பழைய பள்ளிக்கு மாறாக, பிள்ளைக்கு விளங்கும் வசனத்தைக் கையிற் கொடுத்ததே அவற்றின் பெருமை. புள்ளியும், காற்புள்ளியும், முற்றுப்புள்ளியும் உரிய இடங்களில் நிற்க, தமிழ் வசனம் கண்ணுக்குத் தெளிவாயிற்று. நன்னூலுக்குக் காண்டிகையுரை தந்தவரும் அந்நாவலரே.

இத்தெளிவிலே எதிர்பாராத ஒரு விளைவும் இருந்தது. எழுத்து இத்துணைத் தெளிவாக நின்றபின், பொருள் அறியாமலே பிழையின்றி வாசிக்கலாம் என்றாயிற்று! ஏட்டைத் தடுமாறி வாசித்தவனுடைய அறியாமை உடனே வெளிப்பட்டது. அச்சுப் புத்தகத்தைக் கணீரென்று வாசிக்கும் பிள்ளையின் அறியாமை மறைந்து கிடந்தது. வினாவிடை வடிவிற் செய்த நூல்களுக்கும் வகுப்பறையிலே இந்த இடர் நேர்ந்தது. வினாவையும் விடையையும் ஒருங்கே மனனஞ் செய்துவிட்டால், வினாவுதல் என்ற செயலே இல்லாமற் போய், அதுவும் மற்றுமொரு பாட்டாகிவிடும்.

இவ்வாறு மறைந்து கிடந்த குறைக்குப் பணப்பரிசும் கொடுத்த காலம் ஒன்று இருந்தது. 1862இல் இங்கிலாந்து அரசு, பெறுபேற்றுக்கு ஏற்பப் பாடசாலைகளுக்குப் பணம் வழங்கும் விதியைக் கொண்டுவந்தது. பரீட்சகர் வருவார், பிள்ளையை அழைத்து வாசிக்கச் சொல்வார். வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றில் ஒன்றிலே பிள்ளை தவறினால் 2 சிலிங் 8 பென்ஸ் பாடசாலைக்கு நட்டம். ஆசிரியர் என் செய்வர்? ஆண்டு முழுவதும் ஒரே புத்தகத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பித்தனர். கவிஞரும் பாடசாலைப் பரீட்சகருமாகிய மத்தியூ ஆர்னோல்ட், உண்மையில் வாசிக்கத் தெரியாத பிள்ளையும் இப்பரீட்சையிற் சித்தியடையலாம் எனத் தம் அறிக்கையிற் கண்டித்தெழுதினார். இலங்கையிலே பொதுப்போதனைத் திணைக்களம் 1869இல் அமைக்கப்பட்டது. அதனை அடுத்து, நன்கொடை பெறும் பாடசாலைகளுக்கு அதே முறை இங்கும் வந்து சேர்ந்தது. திண்ணைப் பள்ளியின் நெட்டுருவைப் பழித்தவர்களே அரசாங்கச் செலவில் நெட்டுருவை வளர்த்தனர் என்றால் மிகையாகாது. திண்ணையில் நெட்டுருப் பண்ணியது மூதுரையாவது. இங்கே நெட்டுருப் பண்ணியது பரீட்சைப் புத்தகம்.

வாசிப்பு என்பது யாது என்ற வினாவை நேர்முகமாக எழுப்பியவர்களுள் அமெரிக்க உளவியலறிஞர் எட்வர்ட் தோண்டைக் குறிப்பிடத்தக்கவர். 1917இல் அவர் வெளியிட்ட ஆராய்ச்சி மிகவும் எளிய முறையில் அமைந்தது. ஓர் ஊரிலே 7 வயது முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் பாடசாலைக்கு வரவேண்டும் என்ற விதியையும், வராமைக்கு ஏற்கத்தக்க காரணங்களையும் கூறும் ஒரு பந்தியைப் பிள்ளைகளுக்குக் கொடுத்து, அதன்மேல் வினாக்கள் கேட்டார். பந்தி கண்முன்னே இருந்தது. திருப்பித் திருப்பிப் பார்க்கவும் தடை இல்லை. எனினும், பந்தி எதைப் பற்றியது என்று கேட்டபோது, அதன் தொடக்கத்தில் இருந்த ஊரின் பெயரையே விடையாக எழுதிய பிள்ளைகளும் இருந்தனர். ஒரு சொல் அவர்கள் மனத்திலே பெருத்து, மற்றவற்றை மூடிவிட்டது. ஒரு பந்தியை விளங்கிக்கொள்வது கணக்கொன்றைச் செய்வது போன்றது. ஒவ்வொரு சொல்லுக்கும் உரிய நிறையைக் கொடுத்து, பொருந்துவதை ஏற்று, பொருந்தாததைத் தள்ளிச் செல்லும் சிந்தனையே வாசிப்பு என்று தோண்டைக் முடிவு செய்தார்.

முடிவு வெளிவந்து அறுபது ஆண்டுகள் சென்றும் வகுப்பறை அதனைக் கேட்டதாகத் தெரியவில்லை. டொலோரஸ் டேர்க்கின் என்ற அம்மையார் அமெரிக்க வகுப்பறைகளிலே போய் இருந்து, நடந்தவற்றை நிமிடக் கணக்கிற் குறித்து, 1978–79இல் வெளியிட்டார். நான்காம் வகுப்பு வாசிப்புப் பாடங்களில் 4,400க்கும் மேற்பட்ட நிமிடங்களை ஆராய்ந்தபோது, பொருளை எவ்வாறு விளங்கிக்கொள்வது என்று கற்பிக்கச் செலவான நேரம் ஏறத்தாழ 20 நிமிடங்களே! ஆசிரியர்கள் சோம்பியிருக்கவில்லை, ஓயாது வினாக்கள் கேட்டனர். ஆனால் அவ்வினாக்கள் பிள்ளை விளங்கிக்கொண்டதா என்று சோதிப்பவையாகவே இருந்தன. விளங்காத பிள்ளைக்கு விளங்கும் வழியை அவை காட்டவில்லை. இலங்கைப் பாடசாலைகளிற் 'கிரகித்தல்' என்று வழங்கும் பயிற்சியிலும், பந்தியும் ஐந்து வினாவும் கொடுத்துப் புள்ளியிடுவதோடு ஆசிரியர் அமைந்துவிட்டால், அந்த அம்மையார் கண்ட குறையே அங்கும் நேரும்.

வழி காட்டும் முறைகளுள் ஒன்றை 1984இல் அன்மேரி பலின்சார், ஆன் பிரவுன் என்னும் இருவர் வெளியிட்டனர். எழுத்தைச் சரியாக வாசித்தும் பொருளுணரத் தடுமாறிய மாணவர்களைச் சிறு குழுக்களாக இருத்தி, ஒரு பந்தியை வாசித்தபின் நான்கு செயல்களைச் செய்வித்தனர். பந்தியின் சாரத்தைச் சுருக்கிச் சொல்லுதல்; அதிலிருந்து ஒரு வினாவை எழுப்புதல்; விளங்காத சொல்லையோ தொடரையோ தெளிவாக்குதல்; அடுத்து என்ன வரும் என ஊகித்தல். முதலில் ஆசிரியர் தாமே செய்துகாட்டுவார். பின்னர் ஒவ்வொரு மாணவனும் முறைவைத்து ஆசிரியர் இடத்திலிருந்து மற்றவரை நடத்துவான். தொடக்கத்தில் ஒரு நல்ல வினாவைக் கூட எழுப்ப மாட்டாதவர்கள், சில வாரங்களிலே நன்கு முன்னேறினர். அம்முறை பின்னர் ஆரம்ப வகுப்புக்களுக்கும் சென்றது. பவணந்தியார் பிறர்க்கு உரைத்தலுக்கு ஏன் அரைக்கூறு ஒதுக்கினார் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கவுரை கிடைப்பது அரிது.

இத்தனை முறைகளும் கைவந்தபின்னும் ஒரு தடை நிற்கும். 'வானம் இருண்டது. பாட்டி முற்றத்துக்கு ஓடினாள். நல்லவேளை, பாய் நனையவில்லை' என ஒரு பாடத்தில் இருப்பதாகக் கொள்வோம். பாட்டி ஏன் ஓடினாள் என்பதை அவ்வாக்கியங்களில் எதுவும் சொல்லவில்லை. பாயில் ஒடியல் காய்வதைக் கண்டு வளர்ந்த வடமராட்சிப் பிள்ளை கேளாமலே விடை சொல்லும். தேயிலைத் தோட்டத்து லயத்தில் வளரும் பிள்ளை அவ்வாக்கியங்களை எழுத்துப் பிசகாமல் வாசித்துவிட்டு, பாட்டிக்கு மழையில் நனைய விருப்பமோ என்று கேட்கலாம். அப்பிள்ளைக்கு வாசிப்பிற் குறையில்லை. ஒடியலைக் கண்டதில்லை, அவ்வளவே. கொழுந்து நிறுக்கும் இடம் பற்றிய பாடத்தில் இருவர் நிலையும் மாறிவிடும். 1945இல் இலவசக் கல்வி வந்து, ஆரம்ப வகுப்புக்களில் தாய்மொழியே போதனைமொழி என்றாகியபோது, அதுவரை ஆங்கிலப் பாடசாலைகளிற் பொருளறியா மொழியில் உரத்து வாசித்துக்கொண்டிருந்த சிறுவர்க்குப் பெருஞ்சுவர் ஒன்று இடிந்தது. ஒரே மொழிக்குள் ஊருக்கு ஊர் நிற்கும் இச்சிறு வேலிகளைக் கடப்பிப்பது, பாடத்தைத் திறக்குமுன் ஐந்து நிமிடம் ஒடியலைப் பற்றிப் பிள்ளைகளோடு பேசும் ஆசிரியரின் வேலை. ஒன்பது, பத்து வயதளவில் சரித்திரமும் பூமிசாத்திரமும் புத்தகத்தின் வழியாகவே வரத் தொடங்கும். அதற்கு முன்னரே அந்த ஐந்து நிமிடம் கிடைக்காத பிள்ளை, எல்லாப் பாடங்களிலும் ஒருங்கே பின்தங்கி, மந்தபுத்தி எனப் பெயர் வாங்கிவிடும்.