திரட்டேடு

'போர்ட்ஃபோலியோ' இத்தாலியில் பிறந்த சொல். 'போர்த்தாரே' சுமத்தல், 'ஃபோலியோ' தாள். தாள்களைச் சுமக்கும் உறை அது. அந்தத் தாளுக்கும் இலத்தீன் மூலம், இலை என்ற பொருளுடையது. அமைச்சரின் கோப்புப் பையைக் குறித்த 'போர்ட்ஃபோலியோ', அவருடைய பொறுப்புக்கே பெயரானது. அதைத்தான் நம் பத்திரிகைகள் 'இலாகா' என்று எழுதுகின்றன.

கல்வித் தொழில்நுட்ப வகுப்பில் மாணவர் 'போர்ட்ஃபோலியோ'வாக ஒப்படைக்கும் தொகுப்பைத் 'திரட்டேடு' என்றே சொல்வேன். ஏடும் இலைதான், பனையோலை. திரட்டு என்பதோ வெறுமனே சேர்ப்பதல்ல. திரட்டுப்பால் காய்ச்சியவர்களுக்குத் தெரியும்: வற்ற வற்றத்தான் பால் திரளும்.

மதிப்பிடும்போது இந்தச் சொல்லையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். ஒரு மாணவி ஒளிச்சேர்க்கை பற்றி மூன்று நிமிடக் காணொளிப் பாடம் தயாரிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். முதல் பதிப்பில் மின்விசிறி இரைச்சல். இரண்டாவதில் குரல் தெளிவு, ஆனால் திரை முழுக்க எழுத்து. மூன்றாவதில் ஒரே ஒரு இலைப்படம், அம்புக்குறிகள், கூடவே ஏன் மாற்றினேன் என்று ஐந்து வரி. கடைசிக் காணொளிக்கு மட்டும் மதிப்பெண் போட்டால் அது தேர்வு. மூன்றையும் அந்த ஐந்து வரியையும் சேர்த்துப் படித்தால்தான் திரட்டேட்டு மதிப்பீடு. வளரறி மதிப்பீடு என்று நாம் சொல்வதும் இதைத்தான். நாற்பது கோப்புகளை ஒரே இரவில் பதிவேற்றி அனுப்புவது திரட்டேடு ஆகாது. அதற்குக் குவியல் என்று தமிழில் தனிச் சொல் இருக்கிறது.