தேனீக்களுக்கும் ஒரு மாநாடு

1992ஆம் ஆண்டின் ஓர் இரவு. நான் பணியாற்றிய பத்திரிகையின் ஆசிரியபீடத்தில் வெளிநாட்டுச் செய்தித் தாள்களைத் தரம்பிரித்துக்கொண்டிருந்தேன். ஆசியாவின் தேனீ வளர்ப்பாளர்களும் ஆய்வாளர்களும் பாங்கொக்கில் கூடிச் சங்கமொன்றை நிறுவியிருப்பதாக நான்கைந்து வரிகளில் ஒரு செய்தி கிடந்தது. போர்ச் செய்திகளுக்கே பக்கம் போதாதிருந்த காலம் அது. “தேனீக்களுக்கும் மாநாடா?” என்று அருகிலிருந்த நண்பர் சிரித்தார். நானும் சிரித்துவிட்டு அதனைக் குப்பைக் கூடையில் போட்டேன். அன்று செய்த தவறை உணர எனக்குப் பத்தாண்டுகள் பிடித்தன.

தேனீ வளர்ப்பாளரின் முதலாவது சர்வதேச மாநாடு 1897இல் பிரசெல்ஸ் நகரில் நடைபெற்றது. பின்னாளில் ‘அபிமொண்டியா’ என்ற பெயரில் வளர்ந்த அந்த அமைப்பின் கூட்டங்களில் தேனீ என்றால் பெரும்பாலும் ஐரோப்பியத் தேனீயே. ஆனால் அந்த ஓரினத்தைத் தவிர, உலகின் ஏனைய தேனீ இனங்கள் யாவும் ஆசியாவையே தாயகமாகக் கொண்டவை. பொந்துகளில் அடுக்கடுக்காக அடை கட்டும் இந்தியத் தேனீயைப் பெட்டியில் வளர்க்கலாம். பாறைகளிலும் உயர்ந்த மரங்களிலும் ஒற்றைப் பேரடை கட்டும் மலைத்தேனீயோ பெட்டிக்குள் அடங்காது; சிகிரியாவுக்குச் சென்றோர் அதனை நன்கறிவர். வெப்பவலய நாடுகளின் தேனீ வளர்ப்புக்கென நடத்தப்பட்ட முதலாவது மாநாடு கூட 1976இல் லண்டனில்தான் கூடியது என்பது குறிப்பிடத்தக்கது.

இந்தக் குறையைப் போக்கவே ஆசியத் தேனீ வளர்ப்புச் சங்கம் தோன்றியது. ஜப்பானின் தமகாவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மிட்சுவோ மட்சுகா, தாய்லாந்தின் சிரிவாட் வொங்சிரி ஆகிய பேராசிரியர்கள் அதில் முன்னின்றனர். இரண்டாண்டுகளுக்கு ஒருமுறை மாநாடு என்பது வழக்கமாயிற்று. யோக்யகார்த்தா (1994), ஹனோய் (1996), காத்மண்டு (1998), சியாங் மாய் (2000), பெங்களூர் (2002) என்று அது நகர் நகராகச் சென்றது. ஆரம்ப கால மாநாடுகள் நடந்த இந்நாடுகள் யாவும் இந்தியத் தேனீயும் மலைத்தேனீயும் இயல்பாக வாழும் நாடுகள் என்பதைக் கவனித்தல் வேண்டும்.

காலமும் அவசரமானதாகவே இருந்தது. 1976இல் தாய்லாந்தில் கண்டறியப்பட்ட ஒரு வைரஸ் நோய், 1991–92 காலப்பகுதியில் தென்னிந்தியாவைத் தாக்கியது. புழுப்பருவத்திலேயே குஞ்சுகள் நீர் நிறைந்த பைகள்போலாகி மடியும் நோய் அது. 1920களிலிருந்து தேனீ வளர்ப்புக்குப் பெயர்பெற்ற மார்த்தாண்டம் பகுதியிலும் பெட்டிகள் வெறுமையாகின. தாய்லாந்தில் அறியப்பட்ட நோயை அயல்நாட்டு வளர்ப்பாளன் தன் பெட்டி காலியான பின்னரே அறிகிறான் என்றால், அந்தப் பிராந்தியத்திற்குப் பொதுவான ஒரு மன்றம் வேண்டாமா? நான் கூடையில் போட்ட செய்தியின் பெறுமதி அதுவே.

2002 ஏப்ரலில் ஏ-9 வீதி திறக்கப்பட்ட பின்னர், செய்தி சேகரிக்க வன்னிக்குச் சென்றேன். வீதியோரத்தில் பழைய சாராயப் போத்தல்களில் தேன் நிரப்பி வைத்திருந்த ஒரு முதியவருடன் பேச்சுக் கொடுத்தேன். அவ்வாண்டு பெங்களூரில் தேனீ மாநாடு நடந்ததைச் சொன்னேன்.

“அது எனக்குத் தெரியாது தம்பி. பாலை பூத்தால் தேன் கிடைக்கும், அவ்வளவுதான் தெரியும். முந்தி ஒரு மரத்திலை பத்துக் கூடு பாத்தனான். காடு வெட்டின பிறகு பூச்சி வரவேயில்லை. திரும்பி வருமோ எண்டு அந்தப் படிச்ச ஆக்களிட்டைக் கேட்டுச் சொல்லுவியளே?” என்றார்.

“கேட்டுச் சொல்லுறன் ஐயா” என்று வாக்களித்து வந்தேன்.

பின்னர் மாநாடு பிலிப்பைன்ஸின் லொஸ் பானோஸ் (2004) வழியாக அவுஸ்திரேலியாவின் பேர்த் நகருக்குச் (2006) சென்றது. மறு ஆண்டே, 2007இல், அவுஸ்திரேலியாவின் கெய்ன்ஸ் நகரில் ஒரு படகின் பாய்மரத்தினுள் ஆசியத் தேனீக் கூடொன்று கண்டுபிடிக்கப்பட்டது. நமக்கு வாழ்வு தரும் அதே இனம் அங்கே ஒழிக்கப்பட வேண்டிய அந்நியனாயிற்று. 2011இல் ஒழிக்க இயலாது என்றும் முடிவாயிற்று. ஹங்சூ (2008), புசான் (2010), குவாலா திரங்கானு (2012), அந்தாலியா (2014), ஜித்தா (2016), ஜகார்த்தா (2018) எனத் தொடர்ந்த மாநாடுகளில் பல, ஐரோப்பியத் தேனீயைப் பெருந்தொழிலாக வளர்க்கும் நாடுகளில் நடந்தவை. சங்கம் பெரிதானது, அதன் ஆரம்பக் கவலை சற்றுப் பின்தள்ளப்பட்டதோ என்ற ஐயம் எனக்குண்டு.

2018 வரையிலான பதினான்கு மாநாடுகளில் ஒன்றுதானும் இலங்கையில் நடைபெறவில்லை. பண்டாரவளையில் விவசாயத் திணைக்களத்தின் தேனீ ஆய்வுப் பிரிவு இயங்கியும், இந்தியத் தேனீயை நம்பிய வளர்ப்பாளர் பலர் இருந்தும் இதுதான் நிலை. இதற்கு மாநாட்டுக்காரரை மட்டும் குறைகூற என்னால் முடியாது. செய்தியைக் கூடையில் போட்டவன் நான். முதியவரின் கேள்வியை எவரிடமும் கேட்காமல் விட்டவனும் நானே. சில ஆண்டுகளின் பின் மீண்டும் அவ்வழியே போனபோது அந்த இடத்தில் அவர் இருக்கவில்லை.