உளைவு எண்டால் இங்கிலீஷில என்ன?

அம்மம்மாவை மாதாந்தக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போறது என்ர வேலை. போன முறை இருந்த டொக்டர் தெற்கைச் சேர்ந்தவர், எங்களை விட ஐந்தாறு வயது கூட இருக்கும். நல்ல மனுசன். அவருக்குத் தமிழ் வராது, எனக்குச் சிங்களம் வராது, ரெண்டு பேரும் இங்கிலீஷில சந்தித்தோம். "கால் உளையுது பிள்ளை, நோகேல்லை" என்று அம்மம்மா சொன்னா. நான் "பெயின்" என்று மொழிபெயர்த்தேன். ஒன்றிலிருந்து பத்துக்குள் எத்தனை என்று அவர் கேட்டார். அம்மம்மா என்னைப் பார்த்தா, நான் அவவைப் பார்த்தேன். கடைசியில் ஆறு என்று நானே சொல்லிவிட்டேன். அந்த ஆறுக்குத்தான் மருந்து எழுதப்பட்டது.

வீட்டுக்கு வந்த பிறகும் அது மனதை அரித்துக்கொண்டிருந்தது. எங்கட பக்கத்தில் நோ வேறு, உளைவு வேறு, கடுப்பு வேறு, குத்து வேறு. தமிழ்நாட்டுப் படங்களில் எல்லாத்துக்கும் "வலிக்குது" என்பார்கள். எங்கட ஆக்களுக்கு வலிக்கிறது என்றால் முதலில் தோணிதான் ஞாபகம் வரும். நோவுக்கும் உளைவுக்கும் என்ன வித்தியாசம் என்று அம்மம்மாவைக் கேட்டேன். "நோவெண்டால் இந்த இடம் எண்டு தொட்டுக் காட்டலாம். இது எலும்புக்குள்ளாலை வருது, தொட்டால் ஒண்டுமில்லை" என்றா. ஒரு டொக்டருக்குத் தேவையான தகவல் முழுக்க அந்த ஒரு சொல்லுக்குள் இருந்திருக்கிறது. நான் அதை வழியில் கொட்டிவிட்டேன்.

இந்தப் பிரச்சினையோடு பல வருடம் யாழ்ப்பாணத்தில் மல்லுக்கட்டிய ஒருவர் இருந்தார். சாமுவேல் பிஸ்க் கிறீன். மானிப்பாய் கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலையை நாங்கள் எல்லோரும் பஸ்சில் கடந்து போயிருப்போம், அந்தக் கிறீன்தான். அமெரிக்காவின் மசசூசெட்ஸ் மாநிலத்திலிருந்து 1847 இல் அமெரிக்க மிஷன் வைத்தியராக இங்கு வந்தார். அடுத்த வருடமே மாணவர்களுக்கு மருத்துவம் படிப்பிக்கத் தொடங்கினார். கொழும்பு மருத்துவக் கல்லூரி 1870 இல்தான் வந்தது என்பதை ஒரு சின்னப் பெருமைக்காகச் சொல்லி வைக்கிறேன்.

முதலில் படிப்பு ஆங்கிலத்தில்தான். ஆங்கிலத்தில் படித்து முடித்தவர்கள் அரசாங்க உத்தியோகம் தேடி வெளியூர் போய்விட, கிராமங்களில் டொக்டர் இல்லாத நிலை அப்படியே இருந்தது. 1864 இல் கிறீன் படிப்பைத் தமிழுக்கு மாற்றினார். மாணவர்கள் இதைக் கொண்டாடவில்லை. ஆங்கிலம் என்றால் சம்பளம், அது அன்றைக்கும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இதை மொழிப்பற்று என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அவர் ஒரு மிஷனரி. மருத்துவமும் சமயமும் இந்த மண்ணில் வேர்விட வேண்டும் என்பது அவருடைய கணக்கு. ஆனால் கணக்கைச் செய்யப் போனவர் சொல்லுக்குள் இறங்க வேண்டி வந்தது, எனக்குச் சுவாரசியமான இடம் அதுதான்.

ஏனென்றால் தமிழில் உடம்பு ஏற்கெனவே பேசப்பட்டிருந்தது. யாழ்ப்பாண அரசர் காலத்துப் பரராசசேகரமும் செகராசசேகர வைத்தியமும் இருந்தன. வாதம், பித்தம், சிலேற்பனம் என்று நோயைப் பிரித்துப் பார்க்கிற ஒரு கண் இருந்தது. அந்தக் கண்ணோடு வந்து வாங்கில் உட்காரும் பெடியனுக்கு உடற்கூற்றைச் சொல்ல வேண்டும். "நரம்பு" என்ற ஒரு சொல்லை எடுங்கோ. அம்மம்மா தன் புறங்கையில் நீலமாகத் தெரிகிற கோட்டைக் காட்டி நரம்பு என்பா. குதிக்காலுக்கு மேலே இழுபடுவதும் அவவுக்கு நரம்புதான். இரத்தம் ஓடுகிற குழாய், தசையை எலும்போடு கட்டுகிற நார், உணர்ச்சியைக் கடத்துகிற இழை, மூன்றுக்கும் ஒரே பெயர். நாடி, நாளம், நரம்பு என்று பள்ளிக்கூடத்தில் பிரித்துப் படித்த எனக்கு அந்த நீலக் கோடு நரம்பாகத் தெரியாது. ஒரே கையைத்தான் ரெண்டு பேரும் பார்க்கிறோம்.

இதைத் தமிழின் குறை என்று யாராவது சொன்னால், பழைய கிரேக்கத்திலும் "நியூரோன்" என்ற சொல் தசைநாருக்கும் நரம்புக்கும் சேர்த்தே வழங்கியது என்று சொல்லுங்கோ. அறுத்துப் பார்த்துப் பார்த்துத்தான் அங்கும் சொல் பிரிந்தது.

கிறீன் தமிழில் சொல் இருந்தால் அதை எடுத்தார், இல்லாவிட்டால் வடமொழிக்குப் போனார், அதுவும் இல்லாவிட்டால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் வைத்தார். சாப்மன், டான்வோர்த் போன்ற அவருடைய மாணவர்களும் மொழிபெயர்ப்பில் உழைத்தார்கள். 1867 இல் "இரணவைத்தியம்", 1872 இல் "மனுஷ அங்காதிபாதம்", 1875 இல் "கெமிஸ்தம்" என்று பெரிய பெரிய புத்தகங்கள் வந்தன. கெமிஸ்தம்! கெமிஸ்ட்ரியைத் தூக்கி "அம்" போட்டு ஒரு தமிழ்ச் சொல்லாக்கிவிட்ட துணிச்சல் எனக்குப் பிடிக்கும். அறுபதுக்கு மேற்பட்ட டொக்டர்களை உருவாக்கினார், அதில் பாதியளவு பேர் தமிழில் படித்தவர்கள். 1873 இல் ஊருக்குத் திரும்பிய பிறகும் 1884 இல் சாகும்வரை மொழிபெயர்த்துக்கொண்டே இருந்தார்.

பிறகு நின்றுவிட்டது. அவர் போனபின் அந்தப் பள்ளி நீண்டகாலம் நிலைக்கவில்லை. கொக் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்தது 1882 இல். மருத்துவமே அந்தப் பக்கம் திரும்பியபோது அந்தப் புத்தகங்களைத் திருத்த ஆளில்லை. சொல்லை ஒருமுறை கண்டுபிடித்தால் போதாது, பாவித்துக்கொண்டே இருக்க வேணும்.

சொல் பார்வையை மாற்றும் என்பதற்குப் பென்ஜமின் லீ வோர்ஃப் சொன்ன உதாரணம் ஒன்று இருக்கிறது. அவர் தீக் காப்புறுதிக் கம்பனியில் வேலை செய்தவர். பெற்றோல் பீப்பாய் "வெறுமை" என்று எழுதியிருந்தால் ஆட்கள் பக்கத்தில் நின்று பயமில்லாமல் சிகரெட் பிடிப்பார்களாம். உள்ளே இருக்கிற ஆவிதான் கூடுதலாக வெடிக்கும். சொல்லை நம்பினார்கள். மொழி எங்கட மூளையைச் சிறைப்பிடிக்கிறது என்ற அளவுக்கு நான் போகமாட்டேன். ஆனால் எந்தப் பக்கம் முதலில் பார்ப்பது என்பதை அது தள்ளிவிடுகிறது.

யுத்த காலத்தில் எங்களுக்குத் தேவைப்பட்ட சொல் வேறு. "ட்ரோமா" கிரேக்கத்தில் காயம். எங்கட ஆக்கள் அதற்கு எடுத்தது "மனவடு". யாழ்ப்பாணத்தில் யுத்த காலத்தில் வேலை செய்த உளமருத்துவர் தயா சோமசுந்தரத்தின் 1998 ஆங்கில நூலின் தலைப்பிலும் அதே வடுதான், "ஸ்கார்ட் மைண்ட்ஸ்". காயம் என்றால் ஆறும் என்று எதிர்பார்ப்போம். வடு ஆறின பிறகும் இருப்பது. இது மொழிபெயர்ப்புப் பிழை இல்லை, தெரிந்து எடுத்த சொல் என்றுதான் நினைக்கிறேன்.

ஆனால் மனவடு என்று சொல்லிக்கொண்டு கிளினிக்குக்கு ஒருவரும் வருவதில்லை. எங்கட ஒழுங்கையில் 2009 இல் மகனைத் துலைத்த ஒரு அன்ரி இருக்கிறா. "நெஞ்சு அடைக்குது" என்பா, ஒரு பெருமூச்சு விடுவா. தமிழில் நெஞ்சு விலா எலும்புக்குப் பின்னாலும் இருக்கு, ஞாபகத்துக்குள்ளும் இருக்கு. அன்ரி ரெண்டையும் சேர்த்துத்தான் சொல்லுறா. இங்கிலீஷில் நான் ஒன்றைத் தெரிவுசெய்ய வேணும். "செஸ்ட்" என்றால் ஈசிஜி எடுப்பார்கள், நோர்மல் என்று வரும், வீட்டுக்கு அனுப்புவார்கள். மற்றதைச் சொன்னால் ஈசிஜி எடுக்காமலே விடலாம், அப்போது உண்மையிலேயே இருதய வருத்தம் இருந்தால்?

வாற மாதம் அம்மம்மாவின் கிளினிக் திகதி. இந்த முறை "பெயின்" என்று தொடங்குவதில்லை என்று முடிவு. பின்னேரத்தில்தான் வரும், கூட நடந்தால் வரும், எலும்புக்குள் இருக்கிற மாதிரி இருக்கும், தொட்டால் நோகாது. இங்கிலீஷில நாலு வசனம் எழுதி வைத்திருக்கிறேன். வெளியில் லைன் நீளமாக நிற்கும், டொக்டர் அடுத்த நம்பரைக் கூப்பிட முதல் சொல்லி முடிக்க வேணும்.