ஜாஸ் இசைத்தட்டுச் சேகரிப்பு

ஜாஸ் இசைத்தட்டுச் சேகரிப்பு: ஜாஸ் பதிவுகளைத் தேடி வாங்கி, வாசித்தவர் யார், பதிவான நாள் எது, அச்சிட்ட ஆலை எது என்று ஆராய்ந்து பேணும் பழக்கம். 1920களின் இறுதியிலும் 1930களின் தொடக்கத்திலும் அமெரிக்கா, பிரான்ஸ், பிரிட்டன் ஆகிய நாடுகளில் ஏறக்குறைய ஒரே காலத்தில் வேரூன்றியது. ஜாஸ், வாசிக்கும்போதே கலைஞரின் மனோதர்மத்தில் விரியும் இசை. ஒருவர் ஒரு நாள் வாசித்ததற்குத் தட்டைத் தவிர வேறு சான்று அநேகமாகக் கிடையாது. அந்தத் தட்டுகளைக் குப்பையிலிருந்து மீட்டவர்களும், அவற்றைக் கொண்டு இவ்விசையின் வரலாற்றை முதலில் எழுதியவர்களும் பெரும்பாலும் சேகரிப்பாளர்களே. அவர்களுடைய ரசனையும் பிடிவாதமும் அவ்வரலாற்றில் கலந்தே இருக்கின்றன.

தட்டுகள்: ஒரிஜினல் டிக்சிலேண்ட் ஜாஸ் பேண்ட் 1917 பிப்ரவரி 26 அன்று நியூயார்க்கில் விக்டர் நிறுவனத்துக்காகப் பதிவு செய்ததே முதல் ஜாஸ் தட்டு என்பது பொதுவான வழக்கு. அதற்கு முந்தைய ராக்டைம் தட்டுகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்போர் உண்டு. 1920இல் ஓக்கே நிறுவனம் வெளியிட்ட மேமி ஸ்மித்தின் ப்ளூஸ் தட்டு பெருவாரியாக விற்றதை அடுத்து, கறுப்பின மக்களிடம் விற்பதற்கென்றே ‘ரேஸ் ரெகார்ட்ஸ்’ என்னும் தனி வரிசைகள் வந்தன. சேகரிப்பாளர்கள் பின்னாளில் ஊர் ஊராகத் தேடியவை பெரும்பாலும் இவையே. 10 அங்குல அகலம், நிமிடத்துக்கு 78 சுற்று, ஒரு பக்கத்துக்குச் சுமார் 3 நிமிடம் என்பது இவற்றின் அமைப்பு. மூலப்பொருளான அரக்கு பெரும்பாலும் இந்தியாவிலிருந்து போயிற்று. அரக்குத்தட்டு கைதவறி விழுந்தால் உடையும்; எஃகு முள் ஒவ்வொரு முறை ஓடும்போதும் ஒலிவரியைச் சிறிது தேய்க்கும். அதிகம் விரும்பிக் கேட்கப்பட்ட தட்டுகளே அதிகம் தேய்ந்து கிடைப்பது இதனால்தான்.

சிறு நிறுவனங்களின் தட்டுகளுக்குத் தனி மதிப்பு உண்டு. கிங் ஆலிவரின் குழுவை, அதில் இரண்டாம் கார்னெட் வாசித்த இளைஞர் லூயி ஆர்ம்ஸ்ட்ராங்குடன், 1923 ஏப்ரலில் பதிவு செய்த ஜெனட், இண்டியானா மாநிலத்தின் ரிச்மண்ட் நகரில் ஒரு பியானோ தொழிற்சாலையின் கிளை. பாரமவுண்ட், விஸ்கான்சினில் நாற்காலி செய்யும் நிறுவனம் ஒன்றின் துணைத்தொழில். பாரமவுண்டின் மலிவான கலவையில் அச்சான தட்டுகள் புதிதாக இருந்தபோதே இரைச்சல் மிகுந்தவை. அந்த ஆலை மூடப்பட்டபோது ஊழியர்கள் தட்டுகளையும் உலோக அச்சுகளையும் மில்வாக்கி ஆற்றில் எறிந்தார்கள் என்ற கதை சேகரிப்பாளரிடையே நெடுங்காலம் உலவியது. 2006இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக முக்குளிப்போர் ஆற்றில் இறங்கித் தேடியும் எதுவும் அகப்படவில்லை. கதையைக் கைவிடாதவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

1930 முதல் 1948 வரை: வானொலியும் பொருளாதாரப் பெருமந்தமும் சேர்ந்து தட்டு வணிகத்தை முடக்கின. அமெரிக்காவில் 1927இல் 10 கோடிக்கு மேல் விற்ற தட்டுகள் 1932இல் 60 லட்சமாகச் சரிந்தன என்பது வழக்கமாகத் தரப்படும் கணக்கு. நிறுவனங்கள் கைமாறின, பழைய பதிவுகள் விற்பனைப் பட்டியலிலிருந்து நீங்கின. ஆர்ம்ஸ்ட்ராங் 1925 முதல் 1928 வரை சிகாகோவில் பதிவு செய்த ஹாட் ஃபைவ், ஹாட் செவன் தட்டுகளே சில ஆண்டுகளுக்குள் கடைகளில் கிடைக்காமல் போயின. கல்லூரி மாணவர்களும் இளம் பத்திரிகையாளர்களும் தொண்டு நிறுவனங்களின் பழம்பொருள் கடைகளைக் குடைந்தார்கள்; கறுப்பினக் குடியிருப்புகளில் வீடுவீடாகக் கதவைத் தட்டிப் பழைய தட்டு இருக்கிறதா என்று கேட்டார்கள். சில்லறைக் காசுக்கு வாங்கியவை பின்னாளில் பெரும் விலைக்குப் போயின. தட்டைக் கொடுத்த வீட்டாரின் பெயர் பெரும்பாலும் குறித்துவைக்கப்படவில்லை, குறித்திருக்க வேண்டும்.

பாரிஸில் 1932இல் ஜாஸ் அன்பர்களின் சங்கமான ஹாட் கிளப் தோன்றியது. அதன் தூண்களில் ஒருவரான ஊக் பனாசியே 1934இல் ஜாஸ் பற்றி ஒரு நூல் எழுதினார். மற்றவரான சார்ல் தெலோனே, ஓவியர்கள் ரோபேர் தெலோனே, சோனியா தெலோனே ஆகியோரின் மகன். 1936இல் ‘ஹாட் டிஸ்கோகிராஃபி’ என்னும் தட்டு அட்டவணையை வெளியிட்டார். இதுவே இத்துறையின் முதல் நூல் என்பர். அதே ஆண்டில் லண்டனில் ஹில்டன் ஷ்லீமன் தொகுத்த அட்டவணைக்கு அந்த இடத்தைத் தருவோரும் உண்டு. ஷ்லீமனின் நூல் நடன இசை முழுவதையும் தழுவியது. தெலோனேயுடையது ஜாஸ் எது என்று தெரிந்தெடுத்துத் தந்தது. முதன்மை யாருக்கு என்பது ‘முதல்’ என்று எதைக் கொள்கிறோம் என்பதைப் பொறுத்தது.

அட்டவணைக்கு அடிப்படை மேட்ரிக்ஸ் எண். லேபிளைச் சுற்றி ஒலிவரி இல்லாத வழவழப்பான வளையம் ஒன்று உண்டு. தட்டை விளக்கொளியில் சாய்த்துப் பிடித்தால் அங்கே ஆலையில் பொறித்த எண் தெரியும். லேபிளில் உள்ளது விற்பனைக்கான எண். வளையத்தில் உள்ளது பதிவின் எண். அதன் கடைசியில் சிறிதாக இருக்கும் எழுத்தோ இலக்கமோ அது எத்தனையாவது டேக், அதாவது அதே பாட்டை எத்தனையாவது முறை வாசித்துப் பதிவு செய்தது, என்பதைச் சொல்லும். ஒரே விற்பனை எண்ணில் சில வேளை இரண்டு வெவ்வேறு டேக்குகள் வெளிவந்தன. பாட்டு ஒன்றே, ட்ரம்பெட் தனிவாசிப்பு வேறு. இதைக் கண்டுகொண்ட பிறகு ஒரே தட்டில் இரண்டு பிரதி வாங்குவது ஆராய்ச்சியாயிற்று.

நியூயார்க்கில் 42ஆம் தெருவிலிருந்த கமடோர் இசைக்கடை இவர்களின் கூடுமிடம். தந்தையின் வானொலிக் கடையைத் தட்டுக்கடையாக மாற்றிய மில்ட் கேப்ளர், பெரிய நிறுவனங்கள் கைவிட்ட பதிவுகளை அனுமதி பெற்று மீண்டும் அச்சிட்டார். 1935இல் உருவான அமெரிக்க ஐக்கிய ஹாட் கிளப்புகளின் பெயரில் வந்த மறுவெளியீடுகளில் குழுத்தலைவர் பெயரோடு நில்லாமல், வாசித்த ஒவ்வொருவரின் பெயரும் கருவியும் லேபிளில் இடம்பெற்றன. பின்வரிசையில் நின்று வாசித்துப் பெயரில்லாமல் போன எத்தனையோ கலைஞருக்குக் கிடைத்த முதல் மரியாதை அது. 1938இல் கேப்ளர் தாமே பதிவு செய்யத் தொடங்கினார். கொலம்பியா மறுத்த ‘ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்’ பாடலை அடுத்த ஆண்டு பாடகி பில்லி ஹாலிடேயைக் கொண்டு பதிவு செய்ததும் அவரே.

ஒரு தட்டைக் கேட்டு மயங்கியவர்கள் அதில் வாசித்தவரைத் தேடிப் போனதும் இக்காலத்தில்தான். மீட் லக்ஸ் லூயிஸ் 1927இல் பாரமவுண்டுக்கு வாசித்த ரயில்வண்டிப் பியானோத் தட்டைக் கேட்ட பதிவுத் தயாரிப்பாளர் ஜான் ஹாமண்ட், 1935இல் அவரைச் சிகாகோவில் கார் கழுவும் இடத்தில் கண்டுபிடித்தார். ஹாமண்ட் 1938 டிசம்பரில் கார்னகி அரங்கில் நடத்திய கச்சேரியில் லூயிஸைக் கேட்ட ஜெர்மானிய அகதி ஆல்ஃபிரட் லயன், இரண்டே வாரத்தில் அவரைப் பதிவு செய்தார். புளூ நோட் நிறுவனம் அப்படித்தான் பிறந்தது.

பழைய தலைமுறை ட்ரம்பெட் கலைஞர் பங்க் ஜான்சனின் வரலாறு இன்னும் சுவையானது. 1939இல் வெளிவந்த ‘ஜாஸ்மென்’ நூலுக்காகத் தகவல் திரட்டிய வில்லியம் ரஸ்ஸல் முதலியோர், லூயிசியானாவின் நியூ ஐபீரியாவில் அவர் இருப்பதை அறிந்து கடிதம் எழுதினர். பற்கள் போய்விட்டன, ட்ரம்பெட்டும் இல்லை, இரண்டும் கிடைத்தால் மறுபடி வாசிப்பேன் என்பது அவருடைய பதிலின் சாரம். அன்பர்கள் பணம் சேர்த்தனர். கிளாரினெட் மேதை சிட்னி பெஷேயின் அண்ணன் லெனர்ட் பல் மருத்துவர்; அவர் பல்செட் கட்டிக் கொடுத்தார். 1942இல் ஜான்சனின் முதல் தட்டுகள் பதிவாயின. நியூ ஆர்லியன்ஸின் பழைய பாணி கலப்பின்றித் திரும்பக் கிடைத்தது என்று ஒரு சாரார் கொண்டாடினர். முதியவரின் தடுமாற்றத்தைத் தொன்மை என்று எண்ணி மயங்குகிறார்கள் என்றனர் மற்றொரு சாரார். தாம் பிறந்தது 1879 என்று அவர் சொன்னார். பிற்கால ஆய்வாளர் பலர் 1889 என்கின்றனர். பின்னது சரியானால், ஜாஸின் முதல் நாட்களைப் பற்றி அவர் சொல்லி நூலில் ஏறியவற்றுள் பலவற்றை ஐயத்துடனே படிக்க வேண்டும்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அரக்கு இராணுவத் தேவைக்குப் போனதால், 1942இல் அமெரிக்க அரசு தட்டு உற்பத்திக்கான அரக்கைப் பெருமளவு குறைத்தது. பழைய தட்டுகளைத் திரட்டி அரைத்துப் புதியவை வார்த்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் இசைக்கலைஞர் சங்கம் பதிவுகளைப் புறக்கணித்தது. ஜாஸில் அப்போது புதிதாக எழுந்த பீபாப் பாணியின் தொடக்கம் தட்டில் அரிதாகவே கிடைப்பதற்கு இதைக் காரணமாகச் சொல்வர். பீபாப் வந்ததும் சேகரிப்பாளர்கள் இரண்டுபட்டனர். புதியதை ஏற்காதோர் ‘பூஞ்சை பிடித்த அத்திப்பழங்கள்’ என்று ஏசப்பட்டனர். பனாசியே பீபாப்பை ஜாஸ் என்றே ஒப்பவில்லை, தெலோனே வரவேற்றார், இருவரும் பிரிந்தனர்.

எல்.பி. காலம்: 1948இல் கொலம்பியா கொண்டுவந்த, நீண்ட நேரம் ஓடும் எல்.பி. தட்டு, பழைய பதிவுகளை எல்லோருக்கும் எட்டச் செய்தது. சேகரிப்பாளரின் கவனம் அரிய இசையிலிருந்து அரிய அச்சுக்குப் பெயர்ந்தது. இதில் முதலிடம் 1950களின் புளூ நோட் தட்டுகளுக்கு. பதிவாளர் ரூடி வான் கெல்டர் பகலில் கண் பரிசோதகர். நியூ ஜெர்சியின் ஹாக்கன்சாக்கில் பெற்றோர் வீட்டின் கூடத்திலேயே 1959 வரை பதிவு செய்தார். லேபிளருகே அவருடைய முதலெழுத்துகளும், அச்சிட்ட பிளாஸ்டிலைட் ஆலையின் காது போன்ற குறியும் இருக்கின்றனவா என்று பார்த்தே வாங்குவர். புளூ நோட் 1966இல் லிபர்ட்டி நிறுவனத்திடம் போனபின் அந்தக் காதுக்குறி மறைகிறது. லேபிளிலுள்ள முகவரியைக் கொண்டு முதல் அச்சைத் தீர்மானிக்கும் வழக்கம் முழுதும் நம்பத்தக்கதன்று. மிஞ்சிய பழைய லேபிள்களையும் ஆலை பயன்படுத்தியது. மோனோவா ஸ்டீரியோவா என்ற வாதமும் முடிந்தபாடில்லை. மோனோவில் கருவிகள் திரண்டு எழுகின்றன என்பர் ஒரு தரப்பார். பின்னாளில் மோனோவே ஸ்டீரியோ நாடாவிலிருந்து எடுக்கப்பட்டதைச் சுட்டுவர் மறு தரப்பார்.

ஜப்பானில் ‘ஜாஸ் கிஸ்ஸா’ எனப்படும் காபிக்கடைகள் தனி மரபு. ஒரு கோப்பை காபி வாங்கி, விலைக்கு வாங்க இயலாத இறக்குமதித் தட்டுகளைப் பேசாமல் உட்கார்ந்து கேட்பார்கள். யோகோஹாமாவின் சிகுசா 1933இல் திறக்கப்பட்டது. 1945 வான்தாக்குதலில் தட்டுகள் அத்தனையும் எரிந்தபின் மீண்டும் சேர்த்து நடந்தது.

   

பிற்காலம்: குறுந்தகடு பரவிய 1980களில் பலர் எல்.பி.களைக் கழித்துக்கட்டினர். ரஸ்ஸலின் சேகரிப்பு 1992இல் நியூ ஆர்லியன்ஸ் வரலாற்றுக் காப்பகத்தைச் சேர்ந்தது. 2008 முதல் ஆண்டுதோறும் தட்டுக்கடை நாள் கொண்டாடப்படுகிறது. முழுக்க அனலாக் என்று கருதி மெச்சப்பட்ட மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனத்தின் மறுவெளியீடுகளில் பலவற்றுக்கு டிஜிட்டல் பிரதி இடையில் பயன்பட்டிருந்தது 2022இல் வெளிப்பட்டது. காதால் அதைக் கண்டறிய முடிந்ததா என்பதில் கேட்போர் இன்னும் ஒத்துப்போகவில்லை.