62 கிலோ

கண்டனூரில் எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் எடை உண்டு. பித்தளை அண்டா, வெள்ளிக் குடம், எவர்சில்வர் தூக்குவாளி வரை கல்யாணச் சிட்டையில் எழுதிவைத்திருக்கிறார்கள். நகைக்குப் பவுன், நெல்லுக்கு மூட்டை. மனுஷருக்கு மட்டும் எடை கிடையாது. "பூசினாப்புல இருக்கா", "ஒல்லியா இருக்கா", "நல்ல ஆகிருதி". அப்பத்தா காலத்தில் இந்த மூன்றே போதுமாக இருந்தன.

எங்கள் வீட்டில் முதன்முதலாக ஒரு ஆளுக்கு எடை எழுதப்பட்டது என் விஷயத்தில்தான். பதினான்கு மாதங்களுக்கு முன் மதுரையில் ஒரு மருத்துவமனையில் எனக்கு எடைக்குறைப்பு அறுவைச் சிகிச்சை நடந்தது. ஸ்லீவ் என்பார்கள். இரைப்பையில் கிட்டத்தட்ட முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிட்டு மீதியைக் குழாய் மாதிரி ஆக்கிவிடுவது. அன்று என் எடை 112 கிலோ, உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம். வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த ஃபைலின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி: "இலக்கு எடை: 62 கிலோ." ஏன் 62 என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பத்தாவது மாதத்தில் 78-க்கு வந்தேன். அதோடு நின்றுவிட்டது. சர்க்கரை மாத்திரையை நிறுத்தியாகிவிட்டது, முழங்கால் வலி போய்விட்டது. ஆனால் ஃபைலில் 62 என்றல்லவா இருக்கிறது? ராத்திரிச் சாப்பாட்டை விட்டேன். பிறகு காலையிலும் வெறும் மோர். ஆவணியில் ஒரு கல்யாண வீட்டில் தலை சுற்றி, வளவுத் தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அன்று ராத்திரி அப்பத்தா கேட்டது: "இன்னும் எம்புட்டுத்தான் கொறைக்கணுமாம்?"

"பதினாறு கிலோ அப்பத்தா."

"யாரு சொன்னாக?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். தெரியவில்லை. டாக்டர் சொன்னார் என்று சொல்லலாம். டாக்டருக்கு யார் சொன்னது? அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனால் கதை கிட்டத்தட்ட 200 வருடம் நீள்கிறது.

*

முதலில் கணக்கைப் பார்ப்போம். கிலோவில் எடை, அதை மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது பி.எம்.ஐ. என் உயரத்துக்கு 25 என்ற பி.எம்.ஐ. வரவேண்டுமென்றால் எடை 62 இருக்கவேண்டும். அவ்வளவுதான் ரகசியம். யாரோ கால்குலேட்டரில் தட்டி எழுதியிருக்கிறார்கள்.

இந்த வாய்ப்பாட்டுக்குச் சொந்தக்காரர் மருத்துவர் இல்லை. பெல்ஜியத்துக்காரரான அடால்ஃப் கெட்லே ஒரு வானியலாளர், புள்ளியியலாளர். நட்சத்திரங்களை அளக்கும் கணக்கை மனிதர்களுக்குப் போட்டுப் பார்க்க விரும்பியவர். 1830-களில் நிறையப் பேரின் உயரத்தையும் எடையையும் வைத்து, வளர்ந்தவர்களின் எடை உயரத்தின் வர்க்கத்தை ஒட்டி மாறுகிறது என்று கண்டார். அவர் தேடியது "சராசரி மனிதனை". குண்டானவர்களை ஒல்லியாக்குவது அவர் கவலையே இல்லை. ஒரு கூட்டத்தைப் பற்றிப் பேச அவருக்கு ஒரு எண் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

அந்த எண்ணுக்கு பி.எம்.ஐ. என்று பெயர் வைத்தவர் அமெரிக்க உடலியலாளர் ஆன்செல் கீஸ், 1972-இல். ஐந்து நாடுகளைச் சேர்ந்த ஏறக்குறைய 7,400 பேரை வைத்து அவர் குழு கணக்குப் போட்டது. எல்லோரும் ஆண்கள். உடம்பில் கொழுப்பு எவ்வளவு என்று மதிப்பிட மற்ற வாய்ப்பாடுகளைவிட இது மோசமில்லை என்பதுதான் அவர்கள் கண்ட முடிவு. சுருக்கமாகச் சொன்னால், சுமாரானதில் நல்லது.

*

ஆனால் "இவ்வளவு எடைதான் இருக்கவேண்டும்" என்ற எண்ணம் கெட்லேயிடமிருந்து வரவில்லை. அது இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து வந்தது.

காப்பீட்டு வியாபாரம் செட்டிநாட்டுக்குப் புதிதில்லை. பர்மாவிலும் மலேயாவிலும் வட்டிக்குக் கொடுத்தவர்களுக்கு, யாருக்குக் கொடுத்தால் திரும்பி வரும், யாருக்குக் கொடுத்தால் வராது என்று எடைபோடுவதுதான் தொழிலே. 1937-இல் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று ஊரிலும் ஒரே நாளில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் திறந்த எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் காப்பீட்டிலும் இருந்தவர். சென்னை மவுண்ட் ரோட்டில் அவர் தன் யுனைடெட் இந்தியா நிறுவனத்துக்காக ஒரு உயரமான கட்டடத்தைத் தொடங்கினார். 1954-இல் சிங்கப்பூர் விமான விபத்தில் இறந்துபோனார். 1956-இல் ஆயுள் காப்பீடு நாட்டுடைமை ஆனது. 1959-இல் கட்டடம் திறக்கப்பட்டபோது அது எல்.ஐ.சி. கட்டடமாகிவிட்டது.

அதே 1959-இல்தான் அமெரிக்காவில் மெட்ரோபாலிடன் லைஃப் நிறுவனம் "விரும்பத்தக்க எடை" என்ற அட்டவணையை வெளியிட்டது. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஆனால் இரண்டு இடத்திலும் கேள்வி ஒன்றுதான்: இந்த ஆள் எத்தனை வருஷம் பிரீமியம் கட்டுவார், எப்போது நாம் பணம் கொடுக்கவேண்டி வரும்? இன்றைக்கும் ஆயுள் காப்பீட்டு விண்ணப்பத்தில் உயரமும் எடையும் கேட்பது அதனால்தான்.

அதற்கு முன்பே, 1942-இல் பெண்களுக்கும் 1943-இல் ஆண்களுக்கும், அந்த நிறுவனம் "இலட்சிய எடை" அட்டவணைகளை வெளியிட்டிருந்தது. 1959 அட்டவணைக்கு அடிப்படை 26 காப்பீட்டு நிறுவனங்களின் ஏறக்குறைய 50 லட்சம் பாலிசிகள். யார் பாலிசி எடுத்தவர்கள்? பெரும்பாலும் வசதியான வெள்ளையர்கள். உடுப்போடும் செருப்போடும் நிறுத்தார்கள். ஒரு பகுதியினருக்கு அதுவும் இல்லை, வாயால் சொன்ன எடைதான். சிறிய, நடுத்தர, பெரிய உடல்வாகு என்று மூன்று பத்தி பிரித்தார்கள். யார் எந்த வாகு என்று யாரையும் அளக்கவில்லை. 1983-இல் திருத்திய அட்டவணை வந்தபோது "விரும்பத்தக்க" என்ற சொல்லை அந்த நிறுவனமே கைவிட்டுவிட்டது.

ஆனால் அதற்குள் அறுவைச் சிகிச்சை நிபுணர்கள் அதைக் கையில் எடுத்துக்கொண்டார்கள்.

*

எடையைக் குறைக்க வயிற்றில் கத்தி வைக்கும் வழக்கம் 1950-களில் அமெரிக்காவில் ஆரம்பித்தது. மினசோட்டாவில் ஆர்னல்ட் கிரெமனும் உடனிருந்தவர்களும் 1954-இல் சிறுகுடலைக் குறுக்குவழியாக இணைத்த சிகிச்சையை அறிவித்தார்கள். 1966-இல் அயோவாவில் எட்வர்ட் மேசன் இரைப்பை பைபாஸைத் தொடங்கினார். இப்படிப் பல முறைகள் வந்தபோது, எது நன்றாக வேலை செய்கிறது என்று ஒப்பிட ஒரு மதிப்பெண் வேண்டியிருந்தது.

அந்த மதிப்பெண்தான் "கூடுதல் எடையில் எத்தனை சதவீதம் குறைந்தது" என்பது. கூடுதல் என்றால் எதற்கு மேலே? மெட்ரோபாலிடன் அட்டவணையின் நடுத்தர வாகுக்கு உரிய எடைக்கு மேலே. பின்னால் அதற்குப் பதிலாக பி.எம்.ஐ. 25. பாதிக்கு மேல் குறைந்தால் சிகிச்சை வெற்றி என்பது வழக்கமானது.

இதில் ஒரு விளையாட்டு இருக்கிறது. நான் 112-லிருந்து 78-க்கு வந்தேன். மொத்த எடையில் 30 சதவீதம் போய்விட்டது. 62-க்கு மேலே இருந்த "கூடுதல்" 50 கிலோவில் 34 போயிற்று, ஆக 68 மார்க். என் உயரத்திலேயே 92 கிலோ இருந்த ஒருத்தி அதே 30 சதவீதம் குறைந்தால் 64-க்கு வந்துவிடுவாள். அவளுக்கு மார்க் 92. இரண்டு உடம்பும் செய்த வேலை ஒன்றுதான். அவள் பரீட்சையில் முதல் வகுப்பு, நான் சுமார். இதனால்தான் இப்போது பலரும் மொத்த எடையில் எத்தனை சதவீதம் குறைந்தது என்றே பேச ஆரம்பித்திருக்கிறார்கள். ஆனால் ஃபைலில் எழுதும் இலக்கு மட்டும் பழைய பழக்கத்தை விடவில்லை.

*

நமக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. புனேவின் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனின் ஜான் யூட்கினும் 2004-இல் லான்செட் இதழில் ஒரு சின்னக் கட்டுரை வெளியிட்டார்கள். இருவர் படமும் பக்கத்தில் பக்கத்தில். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. யூட்கின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடலில் 21.2. பார்க்க ஒல்லியாக இருக்கும் இந்தியருக்கும் உள்ளே கொழுப்பு அதிகம் என்பதை இதைவிட எளிதாகச் சொல்லமுடியாது.

அதே வருடம் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, ஆசியர்களுக்கு 23-லிருந்தே கவனம் வேண்டும் என்றது. 2009-இல் இந்திய மருத்துவர்கள் கூடிப் பேசி 23-க்கு மேல் அதிக எடை, 25-க்கு மேல் உடல் பருமன் என்று வரையறுத்தார்கள். அறுவைச் சிகிச்சைக்கு 37.5, சர்க்கரை போன்ற நோய் இருந்தால் 32.5 என்றார்கள். ஆனால் நம் மருத்துவக் காப்பீட்டு பாலிசியை எடுத்துப் பாருங்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பொதுவிதி 40 என்கிறது, கடுமையான துணைநோய் இருந்தால் 35. இது 1991-இல் அமெரிக்கா வகுத்த அளவு. 2022-இல் அமெரிக்க, சர்வதேச அறுவைச் சிகிச்சைச் சங்கங்களே அதைக் கைவிட்டு, நோய் இருக்கிறதோ இல்லையோ 35, ஆசியர்களுக்கு 27.5-லிருந்தே யோசிக்கலாம் என்று சொல்லிவிட்டன.

ஆக, உள்ளே நுழைய வாசல் அமெரிக்க அளவில். வெளியே வரும் கதவு ஆசிய அளவில். 40 இருந்தால்தான் பணம் தருவோம், 23-க்கோ 25-க்கோ வந்தால்தான் குணமானாய் என்போம். நடுவில் மாட்டிக்கொள்வது நம் உடம்பு.

23, 25 எல்லாம் தப்பான எண்கள் இல்லை. ஒரு ஜனத்தொகையில் எங்கே ஆபத்து தொடங்குகிறது என்று காட்டுபவை. மேலே ஏறிக்கொண்டிருப்பவருக்கு வைத்த எச்சரிக்கைப் பலகை. அதையே கீழே இறங்கி வருபவர் போய்ச் சேரவேண்டிய ஊரின் பெயர்ப்பலகை என்று நாம் படித்துக்கொள்கிறோம். தப்பு அங்கேதான்.

*

கீழே இறங்கியவர்களின் கதை தெரிய ஸ்வீடனுக்குப் போகவேண்டும். 1987-இல் அங்கே ஒரு ஆய்வு தொடங்கியது. அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 2,010 பேர், செய்துகொள்ளாத 2,037 பேர். வருடக்கணக்காகப் பின்தொடர்ந்தார்கள். இரைப்பை பைபாஸ் செய்தவர்கள் முதல் ஓரிரு வருடத்தில் சராசரியாக 32 சதவீதம் குறைந்தார்கள். பத்தாவது வருடத்தில் அது 25 சதவீதமாக நின்றது. மற்ற முறைகளில் இன்னும் குறைவு. ஸ்லீவ் அந்த ஆய்வில் இல்லை. ஆனால் முதலில் அடிமட்டம், அப்புறம் கொஞ்சம் ஏற்றம் என்ற பாதை ஸ்லீவுக்கும் பொதுதான். தொடங்கும்போது அந்த நோயாளிகளின் சராசரி பி.எம்.ஐ. 40-க்கு மேலே. கணக்குப் போட்டால், பத்து வருடம் கழித்தும் அவர்கள் சராசரியாக 30-க்குக் கீழே வரவில்லை. அட்டவணைப்படி இன்னும் "குண்டு"தான்.

ஆனாலும் 2007-இல் வெளியான முடிவு: வயது, பால் எல்லாம் கணக்கில் கொண்டு பார்த்தால், செய்துகொண்டவர்கள் இறக்கும் அபாயம் 29 சதவீதம் குறைவு. இலட்சிய எடைக்குப் பக்கத்தில்கூடப் போகாமலே அதிக காலம் வாழ்ந்தார்கள். என் மொத்தக் கேள்விக்கும் பதில் இந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது.

பிறகு ஏன் 62-ஐப் பிடித்துத் தொங்கினேன்? அதற்கும் ஒரு ஆய்வு உண்டு. 1997-இல் கேரி ஃபாஸ்டரும் உடனிருந்தவர்களும், அறுவை இல்லாமல் எடை குறைக்க வந்த 60 பெண்களிடம் எவ்வளவு குறைந்தால் போதும் என்று கேட்டார்கள். சராசரியாக உடல் எடையில் 32 சதவீதம் என்று ஆசைப்பட்டார்கள். 17 கிலோ குறைந்தால் அது ஏமாற்றம் என்றார்கள். 48 வாரம் கழித்துக் குறைந்தது சராசரியாக 16 கிலோ. பாதிப் பேருக்குப் பக்கத்தில், தாங்களே "ஏமாற்றம்" என்று பெயர் வைத்த எடையைக்கூட எட்டவில்லை. 16 கிலோ குறைந்த பெண், தோற்றுவிட்டோம் என்று வீட்டுக்குப் போகிறாள். இதில் உடம்பு செய்த தவறு என்ன?

*

அடுத்த பரிசோதனைக்குப் போனபோது மூன்று கேள்வி எழுதிக்கொண்டு போனேன். என்னைப் போல 112-இல் தொடங்கியவர்கள் ஐந்து வருடத்தில் எங்கே நிற்கிறார்கள்? நான் எந்த நோய்க்காக இதைச் செய்துகொண்டேன், அது இப்போது எப்படி இருக்கிறது? எந்த எடைக்கு மேல் ஏறினால் நான் உடனே வரவேண்டும்? நீங்களும் செய்துகொண்டவர் என்றால் இதே மூன்றைக் கேட்டுப் பாருங்கள். எனக்குக் கிடைத்த பதிலில் 62 எங்கேயும் வரவில்லை. தினம் குறைந்தது 60 கிராம் புரதம், விட்டமின் மாத்திரை, இரும்புச்சத்துப் பரிசோதனை, தசை கரையாமலிருக்க நடை. பட்டினி கிடந்ததற்குத் திட்டும் கிடைத்தது.

ஸ்வீடன் கணக்கை எனக்குப் போட்டுப் பார்த்தேன். 112-இல் 25 சதவீதம் 28. எனக்கு 84 கிலோ. இப்போது 78. ஆக, நான் பதினாறு கிலோ பின்தங்கி இல்லை, ஆறு கிலோ முன்னால் இருக்கிறேன். ஃபைலில் 62-ஐ அடித்துவிட்டு "85-ஐத் தாண்டினால் போன் பண்ணு" என்று எழுதினேன். கீழே, தை மாதம் பழனி நடை என்றும் எழுதினேன். குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் என்று எங்கள் பக்கத்துச் சனம் காலம்காலமாகக் காவடியோடு நடக்கும் வழி. 112-இல் நான் திண்ணையில் உட்கார்ந்து வழியனுப்பியிருக்கிறேன்.

அப்பத்தாவுக்கும் பதில் சொன்னேன். "பெல்ஜியத்துல ஒருத்தரு, அமெரிக்காவுல ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனி. அவுகதான் சொன்னாக."

அப்பத்தா கொஞ்ச நேரம் யோசித்தது. "பாலிசிக்காரன் சொன்னதுக்கா நீ பட்டினி கெடந்தே?" என்று கேட்டுவிட்டு, ஒரு முட்டையை அவிக்கச் சொல்லி அடுப்படிப் பக்கம் குரல் கொடுத்தது.