நாணயம் வீழ்ந்தபின் நின்றவை

ஒரு நாட்டின் பொருளாதாரம் வீழ்ச்சியுறும்போது வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் திறைசேரியையும் அமைச்சரவையையுமே நோக்குவர். ஆட்சியிலிருந்து சென்றவர் எவர், வந்தவர் எவர், கடன் எவ்வளவு என்பனவே ஏடுகளை நிரப்புகின்றன. வங்கி கைவிட்ட மறுநாட் காலையில் உலையேற்றியவர் யார், எதைக்கொண்டு ஏற்றினார் என்னும் வினா எழுவதில்லை. 2022ஆம் ஆண்டில் எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்ற நமக்கு இவ்வினா அந்நியமானதன்று. விடை தேடுவதற்கு ஆர்ஜென்டீனாவின் அனுபவம் பெரிதும் துணைபுரியும்.

1991இல் அந்நாட்டரசு ஒரு பேசோ ஒரு டொலருக்குச் சமம் எனச் சட்டமியற்றியது. பணவீக்கம் அடங்கியது உண்மையே. ஆயின் இறக்குமதிப் பொருள் மலிந்தது. உள்நாட்டுத் தொழிற்சாலைகள் பல மூடுண்டன. வெளிநாட்டுக் கடன் பெருகிற்று. 2001 டிசம்பர் தொடக்கத்தில், வங்கியிலிட்ட தம் பணத்தில் வாரத்துக்கு 250 பேசோவுக்கு மேல் எவரும் ரொக்கமாக எடுக்கலாகாது என ஆணை பிறந்தது. டிசம்பர் 19ஆம் நாளிரவு அவசரநிலை பிரகடனஞ் செய்யப்பட்டபோது, மத்தியதர வர்க்கத்தினரும் சமையற் பாத்திரங்களைத் தட்டியவாறு வீதியில் இறங்கினர். அவ்விரு நாட்களின் கிளர்ச்சியில் முப்பதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். மறுநாள் ஜனாதிபதி டெ லா ருவா பதவி துறந்து ஹெலிகொப்டரில் மாளிகையை நீங்கினார். 2002இல் மக்களுட் பாதிக்கு மேற்பட்டோர் வறுமைக் கோட்டின்கீழ் வாழ்ந்தனர்.

இந்நிலையில் மக்கள் மேற்கொண்ட இரு முயற்சிகளை ஒப்புநோக்குவோம்.

முதலாவது பண்டமாற்றுக் கழகம். 1995இல், புவனஸ் அயர்ஸ் நகரை அடுத்த பெர்னாலில் சுமார் இருபது பேர் இதனைத் தொடங்கினர். ஒருவர் ரொட்டி சுட்டுவந்தார். இன்னொருவர் சட்டை தைத்துக் கொடுத்தார். பேசோவுக்குப் பதிலாகத் தாமே அச்சிட்ட கடதாசிச் சீட்டுக்களைக் கைமாற்றினர். 2002இல் இக்கழகங்களிற் பங்குகொண்டோர் தொகை இருபது இலட்சத்தைத் தாண்டியதென மதிப்பிடுவர். ஆனால், அவ்வாண்டு முடியுமுன்னரே அவற்றுட் பெரும்பாலானவை சரிந்தன. கள்ளச் சீட்டுக்கள் மலிந்தன. சீட்டின் பெறுமதி வீழ்ந்தது. இதற்கு ஆழ்ந்த காரணமும் ஒன்றுண்டு. ரொட்டி சுட மாவும், தைக்கத் துணியும் கழகத்துக்குள் விளையவில்லை. அவற்றைப் பேசோ கொடுத்தே வெளியில் வாங்க வேண்டியிருந்தது. இருந்த பொருள் கைமாறியதேயன்றிப் போதிய புதுப் பொருள் பிறக்கவில்லை.

இரண்டாவது, தொழிற்சாலைகளைத் தொழிலாளர் கையேற்றமை. கிளர்ச்சிக்கு முந்திய நாளான டிசம்பர் 18இல், தலைநகரிலுள்ள புரூக்மன் ஆடைத் தொழிற்சாலையின் தொழிலாளர், பெரும்பாலும் பெண்கள், வீடு திரும்பப் பிரயாணச் செலவுக்கும் கையிற் பணமின்றி முதலாளிக்காகக் காத்திருந்தனர். அவர் வரவில்லை. அவர்கள் அங்கேயே தங்கினர். பின்னர் இயந்திரங்களைத் தாமே இயக்கினர். 2003 ஏப்ரலிற் பொலிசார் அவர்களை வெளியேற்றியபோது வீதியிற் கூடாரமடித்துப் போராடி, அவ்வாண்டிறுதியிற் கூட்டுறவாக மீண்டனர். நெயூக்கன் மாகாணத்துச் சனோன் ஓட்டுத் தொழிற்சாலையிலும் தொழிலாளர் 2002இல் உற்பத்தியைத் தொடங்கினர். மபுச்சே பழங்குடியினர் களிமண் தந்தனர். வெளியேற்ற முயன்றபோது நகர மக்கள் வாயிலில் அரணாய் நின்றனர். 2009இல் மாகாண சட்டசபை அத்தொழிற்சாலையை முதலாளியிடமிருந்து கையகப்படுத்தச் சட்டமியற்றியது.

இவற்றை மிகைப்படுத்தல் தகாது. முப்பத்தாறு மில்லியனுக்கு மேற்பட்ட மக்களைக் கொண்ட நாட்டில், இத்தகைய தொழிற்சாலைகள் வேலை வழங்கியது ஏறத்தாழப் பத்தாயிரம் பேருக்கே. பண்டமாற்றும் வீண்போகவில்லை, கடுங்காலத்திற் பல இலட்சம் வீடுகளின் பசியை அது தணித்தது. எனினும், பரிமாற்றத்தை மட்டும் பற்றிய முயற்சி மாதக்கணக்கிலே தளர, உற்பத்திச் சாதனத்தைப் பற்றிய முயற்சி ஆண்டுக்கணக்கில் நின்றதென்பது மனங்கொள்ளத்தக்கது. செல்லாமற் போனது பேசோவே. தையற்காரியின் கைத்திறன் அன்று.

நம் நாட்டிலும் 2022இற் சமூகச் சமையலறைகள் தோன்றின. வீட்டுத் தோட்டங்கள் பச்சை பிடித்தன. ஜூலை 9இல் மக்கள் ஜனாதிபதி மாளிகையினுட் புகுந்தனர். அந்நாளை நம் மாணவர் மறவார். ஆனால், அன்று பகிர்ந்துண்ணக் கற்ற நாம், எதை யாருக்காக உற்பத்தி செய்வதென்று தீர்மானிக்கவும் கற்றோமா? இவ்வினாவை வகுப்பறைக்குள் எடுத்துச் செல்வது ஆசிரியராகிய நம் கடமையாகும்.