டாம் ராபின்சன் ஏன் ஓடினார்?

ஹார்ப்பர் லீயின் ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ (1960) நாவலைப் படித்துவிட்டு வரும் நம்ம பிள்ளைகளிடம் பேச்சுக் கொடுத்தால், பேச்சு முழுக்க வக்கீல் அட்டிகஸைச் சுற்றித்தான் போகும். ஒரு வெள்ளைக்காரர் ஊர்ப்பகையைச் சம்பாதித்துக்கொண்டு கறுப்பர் ஒருவருக்காக ஏன் வாதாடினார்? மனசாட்சி, நேர்மை, பெற்ற பிள்ளைகள் முன்னால் தலைகுனியக் கூடாதென்ற எண்ணம் என்று விடை பக்கம் பக்கமாக வரும். நாவலே அதற்கு அவ்வளவு இடம் கொடுத்திருக்கிறது. சரி, டாம் ராபின்சன் ஏன் அப்படிச் செய்தார் என்று கேட்டால், “அவன் அப்பாவிங்க” என்பதோடு முடிந்துவிடும். இங்கிலீஷில் இரண்டு பேருக்கும் ஒரே சொல்தான். தமிழில் பேசும்போது அட்டிகஸ் ‘அவர்’, டாம் ‘அவன்’. யாரும் சொல்லிக்கொடுக்காமலே நாக்கில் வந்துவிடுகிறது.

டாமுக்கும் காரணங்கள் இருக்கின்றன, பிரதிக்குள்ளேயே. 1930களின் அலபாமா. பருத்தி அரவை எந்திரத்தில் சிக்கி இடது கை விளங்காமல் போன கூலிக்காரர் அவர். போகிற வழியில் மயெல்லா என்ற ஏழை வெள்ளைப் பெண் கூப்பிட்டு வேலை சொல்கிறாள். காசு வாங்காமல் செய்துகொடுக்கிறார். கடைசியில் அவர்மேலேயே பாலியல் வன்முறைப் பழி விழுகிறது. சும்மா ஏன் உழைத்தாய் என்று அரசுத்தரப்பு வக்கீல் மடக்குகிறபோது, அவள்மேல் இரக்கப்பட்டேன் என்கிறார். வழக்கு அந்த இடத்திலேயே தோற்றுப்போச்சு. கீழே வைக்கப்பட்டவன் மேலே இருப்பவளைப் பார்த்து இரக்கப்படுவதா? இரக்கம் மேலேயிருந்து கீழேதான் இறங்கணும். சேரியில் பிறந்தவர்களுக்கு இதற்கு உரை எழுத வேண்டியதில்லை.

அப்புறம் அந்த ஓட்டம். மேல்முறையீட்டில் நம்பிக்கை இருக்கிறது என்று வக்கீல் சொல்லியும், டாம் சிறைவேலி ஏறித் தப்பப் பார்க்கிறார். உடம்பில் 17 குண்டுகள். வெள்ளைக்காரர்கள் தரும் வாய்ப்புகளில் அலுத்துப்போய்த் தன் வாய்ப்பைத் தானே எடுத்துக்கொண்டார் என்று ஒரு வரி விளக்கம் வருகிறது, அதுவும் அட்டிகஸ் வாயால். டாம் சொந்தமாக எடுத்த பெரிய முடிவு இது. அது நம் கண்முன்னால் நடப்பதில்லை, சேதியாகத்தான் வந்து சேருகிறது.

தலைப்பிலுள்ள குறியீட்டுக்கு வருவோம். மாக்கிங்பேர்ட் பிற பறவைகளின் குரலைப் பாடிக்காட்டும் பறவை. யாருக்கும் கெடுதல் செய்யாது, அதனால் அதைக் கொல்வது பாவம். டாமின் சாவைப் பாடும் பறவைகளின் கொலையோடு ஒப்பிட்டு எழுதுபவர் உள்ளூர்ப் பத்திரிகை நடத்தும் ஒரு வெள்ளையர். கடைசியில் அந்தக் குறியீடும் டாமை விட்டுவிட்டு, பூ ராட்லி என்ற வெள்ளையரிடம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. வேலி ஏறிய மனிதருக்குப் பறவைப் பட்டம் பொருந்தவில்லை போலும்.

மதுரையில் உட்கார்ந்து இதைப் படிக்கிறவர்களுக்கு இன்னொரு வக்கீல் ஞாபகம் வரணும். 1939 ஜூலை 8 அன்று மீனாட்சி கோயிலுக்குள் நடந்த ஆலயப் பிரவேசம் என்றால் வைத்தியநாதய்யர் பெயர்தான் முதலில். காந்தியவாதி, அரிசன சேவா சங்கத் தலைவர். சொந்தச் சாதியிடம் அவர் வாங்கிய ஏச்சை நான் குறைத்துப் பேசவில்லை. மீனாட்சி கோயிலை விட்டே போய்விட்டாள் என்று சொல்லித் தமிழ்ச்சங்கம் சாலையில் தனிக்கோயில் எழுப்பிக் கும்பிட்டவர்கள் இருந்த ஊர் இது.

ஆனால் உள்ளே போனவர்கள்? கக்கன், சுவாமி முருகானந்தம், முத்து, சின்னையா, பூவலிங்கம். கூட நாடார் ஒருவர். நம் நூல்களில் இவர்களுக்குப் பெரும்பாலும் கிடைக்கும் வினை ‘அழைத்துச் செல்லப்பட்டனர்’. செயப்பாட்டுவினை. ஐயர் ஏன் அழைத்துப் போனார் என்று ஆராய்ந்து எழுதுகிறார்கள். இவர்கள் ஏன் போனார்கள் என்பது கேள்வியாகவே எழும்பவில்லை.

கக்கனுக்கு அப்போது வயது 31. மேலூர் பக்கம் தும்பைப்பட்டிக்காரர். அப்பா ஊர்க்கோயில் பூசாரி. அந்த வீட்டுப் பிள்ளைக்குக் கும்பிடச் சாமி இல்லாமலா மதுரைக்கு வந்தார்? நாசிக் காலாராம் கோயில் போராட்டத்தை 1930இல் தொடங்கிய அம்பேத்கர், 1935இல் இயோலாவில் இந்துவாகச் சாகமாட்டேன் என்று அறிவித்துவிட்டார். அதற்கு நாலு வருஷம் கழித்து ஒருத்தர் அந்த வாசலுக்குள் கால் வைக்கிறார் என்றால், அது வெறும் பக்தியா, காங்கிரஸ் விசுவாசமா, இல்லை வாசல்மேலேயே இருந்த கோபமா? பின்னாளில் உள்துறை மந்திரியாக இருந்த மனிதருக்கு அரசியல் புத்தி அன்றைக்கே இருந்திருக்காதா? எளிமையானவர், நேர்மையானவர் என்று சொல்லிச் சொல்லி அவரையும் நாம் கெடுதல் செய்யாத பறவையாக்கி வைத்திருக்கிறோம்.

சட்டத்தையும் பாருங்கள். 1939 சட்டத்தின் பெயரிலேயே ‘அனுமதி’யும் ‘காப்பு’ம் இருக்கின்றன. கதவைத் திறந்துவிட்ட அதிகாரிகளுக்கு வழக்குகளிலிருந்து காப்பு. மற்றக் கோயில்களை அறங்காவலர்கள் மனசு வைத்தால் திறக்கலாம். நுழைகிறவரின் உரிமை என்று சட்டம் எழுத 1947 வரை ஆச்சு.

அதே மேலூர் வட்டாரத்தில் மேலவளவு. 1996இல் ஊராட்சித் தலைவர் பதவி ஒதுக்கீட்டுக்கு வந்தபோது மிரட்டல், தடைப்பட்ட தேர்தல் எல்லாவற்றையும் பார்த்தபிறகும் முருகேசன் நின்றார், ஜெயித்தார். 1997 ஜூன் 30 அன்று பஸ்ஸை மறித்து அவரையும் கூட வந்தவர்களையும் வெட்டிக் கொன்றார்கள். அவர் எப்படிச் செத்தார் என்பதை நாம் நிறைய எழுதிவிட்டோம். ஏன் நின்றார் என்று சொல்லக்கூடியவர்கள் அந்தப் பக்கத்து ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். வயசாகிக்கொண்டிருக்கிறது அவர்களுக்கு. நோட்டை எடுத்துக்கொண்டு போகணும்.